ஒவ்வொன்றாகக் கழற்றப்படும் வசதிகள்: அப்பாவின் போனை முன்வைத்து ஒரு விவாதம்

உப்பளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு வயது 71. வேதாரண்யத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் அம்மாவோடு இருக்கிறார். நாற்பது ஆண்டுகள் உப்பளத்தில் வேலை பார்த்தவர். 2017-இல் வாங்கிய அவருடைய போனில் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்பதால், சென்ற மாதம் ஊருக்குப் போனபோது 14,000 ரூபாய்க்குப் புதிய ஸ்மார்ட்போன் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரித்ததும் அவர் முதலில் செய்த காரியம், தன் பழைய இயர்போனை எடுத்து வந்து, போனை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்ததுதான். சொருகும் துளை எங்கும் இல்லை. சார்ஜ் போடும் துளையில் முனையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "இதுல ரேடியோ எப்படிப்பா கேக்குறது?" என்றார். அந்தப் போனில் எஃப்எம் வானொலியே இல்லை என்பதை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

இதை ஒரு முதியவரின் பழக்கம் என்று தள்ளிவிட என்னால் முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியில்தான் கரையேறியது. முதல் நாள் மாலை காரைக்கால் பண்பலையைக் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, அம்மாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் போய்விட்டார். மறுநாள் வீட்டின் ஓடுகள் இல்லை, மின்கம்பங்கள் இல்லை, செல்பேசிக் கோபுரமும் வேலை செய்யவில்லை. எங்கள் தெருவுக்கு மின்சாரம் வர மூன்று வாரத்துக்கு மேல் ஆயிற்று. அப்பாவிடம் அந்தப் போனுக்கு இரண்டு பேட்டரிகள் இருந்தன. ஒன்றைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டர் ஓடிய கல்யாண மண்டபத்துக்கு நடந்து போய், பேட்டரியை மட்டும் கவ்விப் பிடிக்கும் சார்ஜரில் போட்டு எடுத்து வருவார். போன் அதுவரை மற்றப் பேட்டரியோடு அம்மாவிடமே இருக்கும். சிக்னல் இல்லாவிட்டாலும் அதில் ரேடியோ கேட்கும். நிவாரண முகாம் எங்கே இருக்கிறது, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தத் தெருவுக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

இன்று நான் கொடுத்த போனின் கேமராவும் திரையும் பழையதைவிடப் பல மடங்கு மேலானவை. ஆனால் அந்த மூன்று வாரமும் அவர்களுக்குக் கைகொடுத்த மூன்று வசதிகளான கழற்றத்தக்க பேட்டரி, இயர்போன் துளை, வானொலி ஆகியவற்றில் ஒன்றுகூட அதில் இல்லை. விற்பனையாளர், "இப்போது எல்லோரும் ஆப்பில்தான் ரேடியோ கேட்கிறார்கள்" என்றார். கோபுரம் விழுந்த பிறகு ஆப் எப்படிக் கேட்கும் என்ற கேள்விக்கு அவரிடம் விடை இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. இவற்றை எடுத்துவிட வேண்டும் என்று எந்தப் பயனாளர் கேட்டார், யார் முடிவு செய்தார் என்பதை விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

கடைத்தெரு எழுதியது:

உப்பளம் அவர்களுக்கு வணக்கம். நான் திருத்துறைப்பூண்டியில் பதினாறு ஆண்டுகளாகச் செல்பேசிப் பழுது நீக்கும் கடை வைத்திருக்கிறேன். அந்தப் புயலின்போது என் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் பேட்டரியை மட்டும்தான் கொண்டுவந்தார்கள் என்பதால் உங்கள் அப்பா செய்தது எனக்கு நன்றாகப் புரிகிறது.

பேட்டரி எப்படிப் பூட்டப்பட்டது என்பதை ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த இரண்டு போன்களில் பார்க்கலாம். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-இன் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்துவிடலாம்; உள்ளே 2,800 எம்ஏஎச் பேட்டரி, நினைவக அட்டைக்கு ஓர் இடம். அதே போனுக்கு ஐபி67 என்ற நீர்த்தடுப்புச் சான்றும் இருந்தது. மூடியின் உட்புறம் ஓடும் மெல்லிய ரப்பர் வளையம்தான் தண்ணீரைத் தடுத்தது. மூடியைச் சரியாக அழுத்தி மூடினீர்களா என்று திரையிலேயே நினைவூட்டல் வரும். மறு ஆண்டு, 2015-இல், எஸ்6 வந்தபோது பின்பக்கம் கண்ணாடியாகி ஒட்டப்பட்டுவிட்டது. பேட்டரியைக் கழற்ற முடியாது, நினைவக அட்டையும் கிடையாது, நீர்த்தடுப்புச் சான்றும் இல்லை. நீர்த்தடுப்புக்காகத்தான் பேட்டரியை உள்ளே வைத்துப் பூட்டினார்கள் என்று யாராவது சொன்னால், எனக்கு இந்த இரண்டு போன்களும்தான் நினைவுக்கு வரும்.

இன்று என் மேசையில் ஒரு பேட்டரியை மாற்றுவது எப்படி என்றும் சொல்கிறேன். போனைச் சூடேற்றும் தட்டில் சில நிமிடம் வைத்துப் பசையை இளக்க வேண்டும். உறிஞ்சுக் கிண்ணத்தால் பின்கண்ணாடியை ஒரு மயிரிழை தூக்கி, அந்த இடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை நுழைத்துச் சுற்றிலும் அறுக்க வேண்டும். கை சற்று அழுந்தினால் கண்ணாடி கீறும். தகடு ஆழமாகப் போனால் உள்ளிருக்கும் நாடா கேபிள் அறுந்துபோகும். பேட்டரியும் அடியில் ஒட்டப்பட்டிருப்பதால் ஆல்கஹால் விட்டு ஊறவைத்துத்தான் பெயர்க்க முடியும். வளைத்துப் பெயர்த்தால் தீப்பிடிக்கக்கூடும். வாடிக்கையாளர் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அரை நிமிடத்தில் செய்துகொண்ட வேலைக்கு இப்போது நான் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு கூலி வாங்குகிறேன். எனக்கு அதில் வருமானம் உண்டு என்றாலும் இது நல்ல மாற்றம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

பாகங்களைப் போனோடு மென்பொருளால் பிணைத்துவிடும் வழக்கம் இதைவிடக் கவலை தருவது. 2021-இல் ஐபோன் 13 வந்தபோது, திரையை வெளியே மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதி நின்றுபோயிற்று. எதிர்ப்பு வலுத்த பிறகு ஆப்பிள் ஒரு மென்பொருள் புதுப்பித்தலில் அதைத் தளர்த்தியது. ஒரு புதுப்பித்தலில் சரியாகக் கூடியது பாகத்தின் குறையாக இருக்க முடியாது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம் இப்படிப் பிணைப்பதைத் தடை செய்கிறது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணைய வாயிலைத் திறந்தது. ஆனால் என்னைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு உண்மையான பாகங்கள் கிடைப்பது அதனால் எளிதாகிவிடவில்லை.

அலைவரிசை எழுதியது:

நான் மின்னணுப் பொறியாளர். செல்பேசி வடிவமைப்புப் பணியில் சில ஆண்டுகள் இருந்தவன். நிறுவனங்களுக்காக வாதாட வரவில்லை. ஆனால் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் விவாதம் முழுமை பெறாது.

பயனாளர் கையால் கழற்றக்கூடிய பேட்டரிக்குக் கெட்டியான உறை வேண்டும். போனுக்குள்ளும் அதற்குத் தனிச் சுவர் வேண்டும். அந்த இடத்தை மிச்சப்படுத்தினால் அதே அளவுள்ள போனில் கூடுதல் மின்திறனை அடைக்கலாம். 3.5 மி.மீ. இயர்போன் துளையின் வாய் சிறியது என்றாலும் உள்ளே ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு இடம் பிடிக்கும். 2016 செப்டம்பரில் ஐபோன் 7-இல் அதை எடுத்தபோது ஆப்பிள் சொன்ன காரணங்களில் இடநெருக்கடியும் ஒன்று. எஃப்எம் வானொலிக்கு இந்தத் துளையோடு நேரடித் தொடர்பு உண்டு. 100 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 சென்டிமீட்டர் நீளமுள்ள கம்பி நல்ல ஏற்பியாக, அதாவது ஆன்டெனாவாக, அமையும். போனுக்குள் அவ்வளவு நீளத்துக்கு இடம் ஏது? இயர்போன் ஒயர்தான் அந்த ஏற்பி. ஒயர் போனபோது வானொலியும் பல போன்களிலிருந்து தானாகவே விடைபெற்றது.

வாங்குபவர்களையும் நினைத்துப் பாருங்கள். கடையில் இரண்டு போன்களை வைத்து, ஒன்று மெல்லியது, மற்றொன்று பேட்டரி கழற்றத்தக்கது என்று சொன்னால் பெரும்பாலோர் மெல்லியதைத்தான் எடுத்தார்கள். கழற்றத்தக்க பேட்டரியோடு 2016-இல் வி20 என்ற உயர்விலைப் போனைக் கொண்டுவந்த எல்ஜி, 2021-இல் செல்பேசித் தொழிலையே விட்டுவிட்டது. அந்த வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் அந்தப் பேட்டரி அதைக் காப்பாற்றவில்லை.

உப்பளம் எழுதியது:

அலைவரிசை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. இயர்போன் ஒயர்தான் ஏற்பி என்பது எனக்குப் புதிய செய்தி. அப்பா ரேடியோ கேட்கும்போது ஒயரை ஜன்னல் கம்பியில் சுற்றி வைப்பதற்குக் காரணம் இதுதான் போலும்.

ஆனாலும் ஒரு கேள்வி. 2016-இல் வந்த கேலக்ஸி எஸ்7-இல் இயர்போன் துளையும் இருந்தது, ஐபி68 நீர்த்தடுப்பும் இருந்தது. சோனி எக்ஸ்பீரியா வரிசையில் உயர்விலைப் போன்களே இந்தத் துளையோடு இன்றும் நீர்த்தடுப்பைத் தருகின்றன. அப்படியானால் இதில் பொறியியல் தடை இருப்பதாகத் தெரியவில்லை. துளையை எடுத்த அதே மேடையில் அதே நாளில் ஆப்பிள் தன் கம்பியில்லா இயர்போனான ஏர்பாட்ஸை அறிமுகப்படுத்தியது. 2016-இல் தன் பிக்சல் போனில் இயர்போன் துளை இருப்பதை விளம்பரத்தில் பெருமையாகச் சொன்ன கூகுள், அடுத்த ஆண்டே பிக்சல் 2-இல் அதை எடுத்துவிட்டது. சுற்றுச்சூழலுக்காகவே போன் செய்வதாகச் சொல்லும் ஃபேர்ஃபோன்கூட 2021-இல் தன் நான்காம் போனில் துளையை விட்டுவிட்டுக் கம்பியில்லா இயர்போன் விற்கத் தொடங்கியது. எடுத்தவர்கள் எல்லோரிடமும் அதற்கு மாற்றாக விற்க ஒரு பொருள் இருந்திருக்கிறது.

விரல்நுனி எழுதியது:

இந்த இழையைத் திரைவாசிப்பான் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்) வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் பார்வையற்றவள், அரசுப் பள்ளியில் ஆசிரியை. இயர்போன் துளையைப் பற்றி இங்கே பாட்டு கேட்பவர்களின் பக்கத்திலிருந்தும் வானொலி கேட்பவர்களின் பக்கத்திலிருந்தும் பேசப்பட்டிருக்கிறது. எங்களுக்கு அந்தத் துளைதான் திரை.

போனில் நான் விரலை எங்கே வைத்தாலும் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று குரல் சொல்லும். அதைக் கேட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பேன். ஒயர் இயர்போனில் விரல் பட்டவுடன் ஒலி வரும். புளூடூத்தில் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதமாகும். பாட்டுக்கும் படத்துக்கும் அந்தத் தாமதத்தை மென்பொருள் ஈடுகட்டிவிடும். நான் எப்போது விரல் வைப்பேன் என்பது அதற்கு முன்கூட்டித் தெரியாதே. அதைவிடத் தொல்லை தருவது, பேச்சு நின்ற இடைவெளியில் சில புளூடூத் இயர்போன்கள் உறங்கிப்போவதுதான். அடுத்த சொல்லின் முதல் எழுத்து அதில் விழுங்கப்பட்டுவிடும். 'அனுப்பு' என்ற பொத்தான் 'னுப்பு' என்று கேட்டால் ஊகித்துக்கொள்ளலாம். தொகையை வாசிக்கும்போது 'ஐந்நூறு' என்பதில் 'நூறு' மட்டும் காதில் விழுந்தால் என்ன செய்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2014 ஜூலை முதல் புதிதாக நிறுவப்படும் ஏடிஎம்கள் எல்லாம் பேசும் ஏடிஎம்களாகவும் பிரெயில் பொத்தான்கள் கொண்டவையாகவும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி பணித்தது. அந்த இயந்திரத்தில் நான் சொருகுவது 3.5 மி.மீ. இயர்போன் முனையைத்தான். முன்பு கைப்பையில் இருந்த ஒரே இயர்போன் போனுக்கும் ஏடிஎம்முக்கும் போதுமானதாக இருந்தது. இப்போது போனுக்கு ஒன்று, ஏடிஎம்முக்கு ஒன்று, போனுக்கான இணைப்பி ஒன்று என்று மூன்றைச் சுமக்கிறேன். அந்த இணைப்பி விரல் நீளம்தான். சென்ற ஆண்டில் மட்டும் இரண்டு தொலைத்துவிட்டேன்.

பழைய நோக்கியா போனில் 5 என்ற எண்ணின் மேல் ஒரு சிறு புள்ளி துருத்திக்கொண்டு நிற்கும். கட்டைவிரல் அதைத் தொட்டவுடன் மற்ற எல்லா எண்களும் எங்கே இருக்கின்றன என்று கைக்குத் தெரிந்துவிடும். பிறகு ஐபோனின் முகப்புப் பொத்தான் அப்படி ஒரு நிலைப்புள்ளியாக இருந்தது. 2017-இல் ஐபோன் 10-இல் அதை எடுக்கத் தொடங்கினார்கள். 2025 பிப்ரவரியில் எஸ்இ போனை நிறுத்தியபோது அந்தப் பொத்தானுள்ள புதிய ஐபோன் எதுவும் கடையில் இல்லாமல் போயிற்று. திரைவாசிப்பான்கள் இந்த ஆண்டுகளில் பெரிதும் மேம்பட்டிருக்கின்றன, அதை நன்றியோடு சொல்கிறேன். ஆனால் என் விரலுக்குத் தெரிந்த அடையாளங்களை அழிக்கும்போது எங்களில் ஒருவரையாவது கேட்டார்களா என்பதுதான் என் வருத்தம்.

நாற்சந்தி எழுதியது:

விரல்நுனி அம்மையார் எழுதியதைப் படித்தபின் இந்த இழையை வேறு கோணத்தில் பார்க்கிறேன். நான் மென்பொருள் எழுதுபவன். துளையும் மூடியும் கண்ணுக்குத் தெரிபவை. போனை வாங்கும்போதே இல்லை என்று அறிந்துகொள்ளலாம். மென்பொருளில் நடப்பது அப்படி இல்லை. இருந்த வசதி, விலை கொடுத்து வாங்கிய பிறகு, ஒரு நாள் இரவு புதுப்பித்தலில் போய்விடும்.

என் அம்மாவுக்குக் காது சற்று மந்தம். மருத்துவமனையிலிருந்து தொலைபேசியில் மருந்தளவு சொன்னால் உடனே பிடிபடாது. அதற்காக அழைப்பைப் பதிவு செய்யும் செயலி ஒன்றை அவர் போனில் போட்டு வைத்திருந்தேன். இரவில் நிதானமாக இரண்டு முறை போட்டுக் கேட்பார். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9 அழைப்புப் பதிவுக்கான வழிகளை அடைத்தது. செயலிகள், மாற்றுத்திறனாளிகளுக்காகப் போனில் வைத்திருக்கும் அணுகல்தன்மை வசதி வழியாகச் சுற்றிப் போய் வேலை செய்தன. 2022 மே 11 முதல் பிளே ஸ்டோரில் அதையும் கூகுள் தடை செய்தது. இப்போது போனோடு வரும் செயலியில் பதிவு செய்யலாம். ஆனால் பதிவு தொடங்கியதும் இரு பக்கமும் கேட்க ஓர் அறிவிப்பு ஒலிக்கும். மருந்துக்கடைக்காரர் ஒருவர் அதைக் கேட்டவுடன் பயந்து இணைப்பைத் துண்டித்துவிட்டார். பேசுபவரின் ஒப்புதல் இன்றிப் பதிவு செய்வது சரியா என்ற கேள்வி நியாயமானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது நாம் வாழும் நாட்டின் சட்டம். உலகம் முழுவதற்கும் ஒரே விதியை ஒரு நிறுவனம் எழுதி வைத்துவிட்டது.

இப்போது அதைவிடப் பெரிய மாற்றம் வரவிருக்கிறது. பிளே ஸ்டோருக்கு வெளியே, கோப்பாகக் கிடைக்கும் செயலியை நாமே நிறுவிக்கொள்ளும் உரிமைதான் ஆண்ட்ராய்டை ஐபோனிலிருந்து வேறுபடுத்தியது. கூகுள் சான்றளித்த ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவப்படும் செயலி எங்கிருந்து வந்தாலும், அதை எழுதியவர் கூகுளிடம் தம் அடையாளத்தைப் பதிந்திருக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் அந்த நிறுவனம் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் தொடங்கி அடுத்த ஆண்டு மற்ற நாடுகளுக்கு விரிவாக்குவது திட்டம். எதிர்ப்புக்குப் பிறகு, விவரம் அறிந்தவர்களுக்குத் தனி வழி ஒன்று வைப்பதாகவும் சொன்னது. எங்கள் ஊர் வாய்க்கால் பாசனக் குழுவில் நாற்பது பேருக்கு முறைத்தண்ணீர்க் கணக்கு வைக்க ஒரு சிறு செயலி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயலில் நிற்பவருக்குக் கணக்குப் பார்த்துச் சொல்வதற்குக் கடல் கடந்து ஒரு நிறுவனத்தின் அனுமதி வேண்டியிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

காவேரிக்கரை எழுதியது:

நாற்சந்தி தம்பிக்கு ஒரு மாற்றுக் கருத்து. நான் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர். திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் கோப்பைத் தொட்டுத் தங்கள் சேமிப்பை இழந்தவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அழுததைப் பார்த்தவன். அந்தக் கோப்பு ஏபிகே வகையை, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் வகையைச் சேர்ந்தது என்பதோ, அதை நிறுவினால் குறுஞ்செய்திகளையும் ஓடிபியையும் வேறொருவர் படிப்பார் என்பதோ அவர்களுக்குத் தெரியாது. மகள் திருமணத்துக்கு வைத்திருந்த 1,80,000 ரூபாயை ஒரே பிற்பகலில் இழந்த ஒருவருக்கு நாங்கள் புகார்ப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியவில்லை. அவரைப் போன்றவருக்கு அந்த வழி அடைபட்டிருப்பதே நல்லது. உங்கள் செயலிக்காக நாற்பது பேர் சற்றுச் சிரமப்பட்டால் பரவாயில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நாற்சந்தி எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்லும் இழப்பை நான் சிறிதாக்க மாட்டேன். என் உறவினர் ஒருவருக்கும் இது நேர்ந்திருக்கிறது. தொடக்கத்திலேயே அந்த வழி மூடியிருக்கட்டும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதலே, எந்தச் செயலி வழியாக நிறுவுகிறோமோ அதற்குத் தனியாக அனுமதி கொடுத்தால்தான் வெளிச்செயலி நிறுவ முடியும். அந்த அனுமதியைப் பெறுவதை இன்னும் கடினமாக்கட்டும், ஒரு நாள் காத்திருக்கச் சொல்லட்டும், வங்கிச் செயலி உள்ள போனில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கட்டும். இவையெல்லாம் எனக்கு உடன்பாடே. ஆனால் திறக்கும் முடிவு இறுதியில் போனை வைத்திருப்பவரிடம் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாம் இன்று போனில் தமிழ் படிப்பதற்கே அந்த உரிமைதான் வழிவிட்டது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் நினைவிருக்கிறதா? பல போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அப்போது ஓப்பரா மினி உலாவியின் முகவரிப் பட்டியில் 'ஓப்பரா கான்ஃபிக்' என்று தட்டினால் மறைவான அமைப்புப் பக்கம் ஒன்று திறக்கும். அதில், சிக்கலான எழுத்துமுறைகளைப் படமாகக் காட்டு என்ற தெரிவு இருக்கும். அதை 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் ஓப்பராவின் வழங்கியே (சர்வர்) தமிழ் எழுத்துகளைப் படமாக வரைந்து அனுப்பும். முதல் முறை ஒரு சிறிய திரையில் தமிழ்ச் செய்தியை முழுமையாகப் படித்த அந்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆண்ட்ராய்டு வந்த புதிதில் போனை ரூட் செய்து, அதாவது பூட்டிய உள்ளமைப்பைத் திறந்து, தமிழ் எழுத்துருவை நாமே ஏற்றிக்கொண்டவர்களும் இந்த அவையில் இருப்பார்கள். செய்தவர்கள் நம்மை நினைக்காமல் செய்த பொருளை நமக்கு உரியதாக்கிக்கொள்ள அந்த இடைவெளி உதவியது. உப்பளம் அவர்களின் தெருவும் விரல்நுனி அம்மையாரும் வடிவமைப்பாளரின் கணக்கில் வராதவர்கள். கணக்கில் வராதவர்களுக்கு மாற்றியமைக்கும் உரிமை ஒன்றுதான் துணை. அது குறையக் குறைய அவர்களுக்குத்தான் முதலில் வலிக்கிறது.

நிறுவனங்கள் மட்டும் இதில் இல்லை. 2025 நவம்பர் 28 அன்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய போன்களிலும் முன்கூட்டியே நிறுவித் தர வேண்டும், அதன் செயற்பாட்டை முடக்க இடம் தரக் கூடாது என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழுந்ததால் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. திருட்டுப் போனைக் கண்டுபிடிக்க அந்தச் செயலி பயனுள்ளதுதான், நானே வைத்திருக்கிறேன். நானாக வைத்துக்கொண்டேன்.

காவேரிக்கரை எழுதியது:

ஒரு நாள் காத்திருக்க வைக்கலாம் என்பதை ஏற்கிறேன். மோசடிக்காரர்களுக்கு அவசரம்தான் ஆயுதம். ஒரு நாள் இடைவெளி கிடைத்திருந்தால் அந்த மனிதர் தன் மகளிடமாவது கேட்டிருப்பார்.

மணல்மேடு எழுதியது:

ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே எங்கள் குடியிருப்பில் ஓர் அறைக்கு ஆறு பேர். என் போன் கெட்டுப்போனால் சிம் அட்டையை ஊசியால் தள்ளி எடுத்து நண்பர் போனில் போட்டு ஊருக்குப் பேசுவேன்; ஊர் வங்கியின் ஓடிபியும் அந்த இந்திய சிம்முக்குத்தான் வரும். 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17-ஐ அமீரகம், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் ஆகிய நாடுகளில் சிம் அட்டைத் தட்டே இல்லாமல், எண்ணைப் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம்மோடு மட்டும் விற்கிறார்கள். இந்தியாவில் விற்கும் அதே போனில் தட்டு இருக்கிறது. எங்கள் மேற்பார்வையாளர் இங்கே வாங்கிய போன் தரையில் விழுந்து திரை இருண்டுவிட்டது. எண் உள்ளேயே இருக்கிறது, எடுக்க வழியில்லை. ஊரிலுள்ள நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தால் பதிவு செய்த எண்ணிலிருந்து பேசச் சொல்கிறார்கள். மனைவிக்குப் பணம் அனுப்ப ஐந்து நாள் ஆயிற்று. விடுமுறையில் வரும்போது இங்கிருந்து போன் வாங்கி வரச் சொல்லும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகவே எழுதினேன்.

அலைவரிசை எழுதியது:

நண்பர்கள் எழுதியவற்றைப் படித்தபின் என் முதல் பதிவில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். வாங்குபவர்கள் மெல்லிய போனையே தேர்ந்தெடுத்தார்கள் என்று சொன்னேன். 14,000 ரூபாய் போனில் கழற்றத்தக்க பேட்டரி என்ற தேர்வே கடையில் இல்லாதபோது அதைத் தேர்வு என்று சொல்லக் கூடாது. தொழிற்சாலைகளிலும் களப்பணியிலும் இருப்பவர்களுக்கென்று சாம்சங் இன்றும் எக்ஸ்கவர் வரிசையில் கழற்றத்தக்க பேட்டரியும் இயர்போன் துளையும் நீர்த்தடுப்பும் உள்ள போன்களைச் செய்கிறது. அது முடியாத காரியம் இல்லை.

சட்டம் தலையிட்டால்தான் இது நகரும் என்பதற்கு ஐரோப்பா எடுத்துக்காட்டு. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு யூஎஸ்பி-சி என்ற பொதுவான சார்ஜ் முனை கட்டாயம். அதற்கு முன்பே, 2023-இல், ஐபோன் 15 அந்த முனைக்கு மாறிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் உதிரிபாகங்களை ஏழு ஆண்டு தரச் சொல்கின்றன. 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஆனால் போன்களுக்கு இதில் ஒரு வாசல் இருக்கிறது. ஆயிரம் முறை சார்ஜ் ஏற்றிய பிறகும் 80 சதவீதத் திறனைத் தக்கவைக்கும் பேட்டரியும் நீர்த்தடுப்பும் இருந்தால், பழுதுநீக்குபவர் மட்டுமே கழற்றும்படி வைத்துக்கொள்ளலாம். விலையுயர்ந்த போன்கள் அந்த வாசல் வழியாகவே போகும் என்பது என் கணிப்பு.

வானொலிக்கு வருகிறேன். பல போன்களில் வைஃபை, புளூடூத் வேலையைச் செய்யும் அதே சில்லுக்குள் எஃப்எம் பகுதியும் இருந்து, அதற்குச் சுற்று இணைக்காமலோ மென்பொருளில் முடக்கியோ விடப்பட்டிருக்கிறது. 2017-இல் அமெரிக்காவைச் சூறாவளிகள் தாக்கியபோது அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் தலைவர் அஜித் பை, ஐபோன்களில் எஃப்எம் சில்லைத் திறந்துவிடும்படி ஆப்பிளைக் கேட்டார். ஐபோன் 7-இலும் 8-இலும் அந்தச் சில்லும் இல்லை, ஏற்பியும் இல்லை என்று ஆப்பிள் விடை சொன்னது. நம் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் 2023-இல், வசதியுள்ள போன்களில் எஃப்எம்மை முடக்க வேண்டாம், பேரிடர்க் காலத்துக்கு அது தேவை என்று தொழில் அமைப்புகளுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தலோடு நின்றுவிட்டது. வங்கக் கடலோரத்தில் இருக்கும் நாம் அதைக் கட்டாயமாக்கக் கோருவதில் தவறில்லை.

கடைத்தெரு எழுதியது:

உப்பளம் அவர்களே, அந்தப் பழைய போனைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். பேட்டரி தவிர வேறு கோளாறு இல்லை என்றால் அது இன்னும் சில ஆண்டு ஓடும். பாதுகாப்புப் புதுப்பித்தல் எப்போதோ நின்றிருக்கும் என்பதால் பணப் பரிமாற்றச் செயலி எதையும் அதில் வைக்காதீர்கள். பேசவும் ரேடியோ கேட்கவும் அதுவே போதும். பின்மூடியைத் திறந்து பேட்டரியின் மேல் அச்சிட்டிருக்கும் குறியீட்டைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

பழைய பேட்டரியை எடுத்துச் சமதளமான தரையில் வைத்து விரலால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உப்பியிருந்தால் பம்பரம்போலச் சுற்றும். சுற்றினால் அதை மீண்டும் சார்ஜ் போடக் கூடாது. குப்பையிலும் எறியாமல் என்னிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள், மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிடுகிறேன். கடையில் புதியது என்று விற்பவற்றிலும் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்து உப்பியவை உண்டு. வாங்குமுன் அதையும் இப்படிச் சுழற்றிப் பார்க்கலாம்.

உப்பளம் எழுதியது:

கடைத்தெரு அண்ணனுக்கு நன்றி. நேற்று அப்பா திருத்துறைப்பூண்டிக்குப் பேருந்தில் போய் அவர் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய பேட்டரி நன்றாகச் சுற்றியதாம். புதியதைக் கண்ணாடி மேசையில் வைத்து மூன்று முறை சுழற்றிப் பார்த்து, அசையவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே காசு கொடுத்தாராம். இன்னொன்றும் சேர்த்து வாங்கிவிட்டார். அதைக் கைக்குட்டையில் சுற்றி அரிசிப் பானைக்கு மேலுள்ள பலகையில் வைத்திருக்கிறார். நான் வாங்கிக் கொடுத்த போன் அம்மாவிடம் இருக்கிறது. பேரன் முகத்தைப் பார்த்துப் பேச அதன் திரை நன்றாக இருக்கிறது என்கிறார். சற்று முன் அதில் அழைத்தபோது பின்னணியில் வானொலிச் செய்தி கேட்டது.